நான்காவது சம்படம்

பா, க, ம், பி, ரி, யா, ள். ஏழு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தாயிற்று. அடியில் 7.2.93. என் பெயர், என் கல்யாணத் தேதி. தடவவே வேண்டாம், பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் கண்ணை நம்பாமல் விரல் போய்ப் போய்த் தடவுகிறது. அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த ஏழு எவர்சில்வர் சம்படங்களில் இது நான்காவது. இது இங்கே எப்படி வரும்? இது சீனா. குவாங்சோ. ஓட்டலுக்குப் பின்னால் ஒரு மார்க்கெட் சந்து, சந்துக்குள் எட்டு மேஜை போட்ட ஒரு நூடுல்ஸ் கடை. கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்டிருக்கிறார், காயல்பட்டினத்து பாய்மார் போடுகிற மாதிரியே. காரம் வேண்டும் என்று வாயை ஊதி ஊதிச் சைகை காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போய் இந்தச் சம்படத்தைக் கொண்டுவந்து வைத்தார். கழுத்துவரை மிளகாய் எண்ணெய், உள்ளே ஒரு சின்னக் கரண்டி. கரண்டியை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. மூடியைத் திருப்பினேன், மூடியிலும் பாகம்பிரியாள். "மூடி தனியாப் போயிரும்டி, மூடியிலயும் வெட்டச் சொல்லு" என்று தூத்துக்குடிப் பாத்திரக்கடையில் அம்மாதான் மல்லுக்கு நின்றாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் வெட்டுகிறவர் மிஷினை வைத்து டர்ரென்று வெட்டி முடித்ததும், "இதுல எது பா, எது ள்?" என்று கேட்டுக் கேட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடையில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று எனக்கு அப்போது ஒரே வெட்கம். இப்போது அதே எழுத்தைத் தொட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், கடையில் எல்லாரும் பார்க்கிறார்கள்.

தொலைந்துபோன சம்படம் இது. 2011-இல் தொலைந்தது. "ஓட்டல்லயே மறந்து வச்சிட்டேன்ளா" என்றார் அவர். அவர் என்றால் என் வீட்டுக்காரர் காந்திமதிநாதன். திருநெல்வேலி டவுனில் ஒரு எலக்ட்ரிக்கல் மொத்தக் கடைக்குக் கொள்முதல் மேனேஜராக இருந்தார். ஏப்ரலில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை, இங்கே நடக்கிற பெரிய கண்காட்சிக்கு பல்பும் ஃபேனும் பார்க்க வருவார். பதினொரு வருஷம் வந்தார். ஒவ்வொரு தடவையும் புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கப் புளிக்காய்ச்சல் கிண்டி, ஆறவைத்து, சம்படத்தில் அடைத்து, சுற்றிப் பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டி அனுப்புவேன். "அங்க நமக்குத் தின்ன ஒண்ணும் கிடையாதுளா, ஊரே மாடும் பன்னியும்தான்" என்பார். சுத்த சைவம் அவர். பிள்ளைமார் வீடு, முட்டைகூட வாசல்படி தாண்டாது. சம்படம் தொலைந்த அன்றைக்கு நான் அழுதேன். அம்மா கொடுத்ததாச்சே என்று அழுதேன். அவர் டவுனுக்குப் போய் அதே அளவில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அதே அளவு இல்லை. மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் உட்காராமல் லொடலொடவென்று ஆடும். பதிமூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறது, தினம் காலையில் கடுகு எடுக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். ஒருவேளை ஓட்டலில் மறந்ததை ஓட்டல்காரர்கள் தூக்கிப் போட்டு, அதை யாரோ எடுத்து, அது கைமாறிக் கைமாறி இந்தக் கடைக்கு வந்திருக்கலாம். வரலாம்தானே. பாத்திரம் எங்கே வேண்டுமானாலும் போகும். அப்படித்தான் இருக்கும். நான் ஏன் இப்படி வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்?

காலையில் எவ்வளவு சந்தோஷமாகக் கிளம்பினேன். அவர் ரிட்டயர் ஆகி, மகள் டிக்கெட் போட்டுக்கொடுத்து, கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் என்னை முதல் தடவையாக வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முந்தாநாள் கோபுரம், நேற்று ஆற்றங்கரை. இன்றைக்கு முட்டி வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார். "நீ போகணும்னா அந்த மெயின் ரோட்டுப் பக்கமாப் போயிட்டு வா, பின்னால சந்துக்குள்ள போகாதே, நாத்தம் தாங்காது" என்றார். போகாதே என்றால் போகாமல் இருக்க நான் என்ன சின்னப் பிள்ளையா? சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார், சீன எழுத்தில் இறைச்சி வேண்டாம் என்று எழுதி லேமினேட் செய்தது. முதல் பயணத்தில் கம்பெனி ஆள் எழுதிக் கொடுத்ததாம். அதை வைத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். ஐயோ, என்ன சந்து அது! ஒரு பெண் அரிசி மாவைத் தட்டில் ஊற்றி ஆவிப்பெட்டிக்குள் தள்ளி, அரை நிமிஷத்தில் இழுத்து, சுரண்டிச் சுருட்டித் தருகிறாள். தோசைக்கும் இடியாப்பத்துக்கும் நடுவில் ஒரு வழுவழுப்பு. அட்டையைக் காட்டி வெறும் மாவாக ஒன்று வாங்கித் தின்றேன். ஒரு முழ நீளத்துக்கு எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி, அதைச் சூடான சோயாப்பாலில் முக்கி முக்கித் தின்கிறார்கள், நானும் முக்கினேன். பக்கத்திலேயே முழு வாத்துகள் கழுத்தோடு தொங்கின. தொட்டியில் தவளைகள், அதைப் பார்க்காமல் தாண்டினேன். கடைசியில் ஒருத்தி வாணலியில் விரல் நீள மீனை மொறுமொறுவென்று பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் என் கால் தானாக நின்றது. நின்றுவிட்டேனே என்று திடுக்கிட்டு, யாரோ பார்த்துவிட்ட மாதிரி அவசரமாக நகர்ந்து எதிரில் இருந்த இந்த நூடுல்ஸ் கடைக்குள் வந்து உட்கார்ந்தேன்.

அட்டையை நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டுத் தலையாட்டினார். பெயர்ப்பலகையைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டு "மா" என்றார். மா பாய் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அவர் மாவை எடுத்துப் பலகையில் அடித்த அடியில் மேஜை அதிர்ந்தது. நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டர் வீசுவார், இவர் இழுக்கிறார். இரண்டு கையையும் அகல விரித்து இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்கு, நான்கு எட்டு, நான் எண்ணிக்கொண்டே வந்தேன், நூற்று இருபத்தெட்டில் விட்டுவிட்டேன். ஒரு இழைகூட அறுபடவில்லை. கொதிதண்ணீரில் போட்டு அள்ளி, முள்ளங்கி வில்லை, கொத்தமல்லி, மேலே சாறு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். மூன்று கரண்டி குடித்தேன். ஆகா என்று இருந்தது. நான்காவது கரண்டி வாய்க்குப் போகும்போதுதான் நாக்கு என்னிடம் சொன்னது. முள்ளங்கிக்கு இந்த ருசி வராது, எத்தனை மசாலா போட்டாலும் வராது. என் வீட்டுக்காரருக்கோ அவர் வீட்டு ஆட்களுக்கோ என்றால் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், நான் ஞாயிற்றுக்கிழமை நெஞ்செலும்புச் சாறு குடித்து வளர்ந்தவள். எழுந்து அடுப்பை எட்டிப் பார்த்தேன். அண்டா நிறைய எலும்பு. மாட்டெலும்பு. பாவம், மா பாய் அட்டையில் சொன்னபடிதான் செய்திருக்கிறார், இறைச்சித் துண்டு ஒன்றுகூடப் போடவில்லை. சாற்றைப் பற்றி அட்டை ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து வருஷத்து அட்டையில் இப்படி ஒரு ஓட்டை இருந்திருக்கிறது, இவர் இதை நம்பியா இத்தனை நாள்... என்று அட்டையை எடுத்துப் பார்த்தால், அதில் ஒரு கீறல் இல்லை. ஒரு மடிப்பு இல்லை, ஓரம் நைந்திருக்கவில்லை, எண்ணெய்க் கை பட்ட அடையாளம் இல்லை. என் ரேஷன் கார்டு ஒரே வருஷத்தில் கந்தலாகிவிட்டது. காரத்தைப் போட்டு அந்த ருசியை மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் வாயை ஊதிக் காட்டினேன், அப்போதுதான் சம்படம் வந்தது.

எழுத்தைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். மா பாய்க்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது, அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அவர் முகம் அப்படியே மலர்ந்து வாய் காதுவரை போயிற்று. போனை எடுத்து அதில் ஏதோ பேசினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புப் போலத் தமிழ் பேசினாள். "நீங்கள் நாதன் அவர்களின் மனைவி. புளிப்பான பசையைச் செய்பவர் நீங்கள்." "நாதன் என் நண்பர். ஏப்ரல், அக்டோபர். ஒவ்வொரு நாள் காலையும். ஒரு பெரிய கிண்ணம், இரண்டு பங்கு மாட்டிறைச்சி." மறுபடி பேசச் சொன்னேன், அவளும் மறுபடி அதையேதான் சொன்னாள், இரண்டு பங்கு மாட்டிறைச்சி. "அவர் பசையை எனக்குத் தருவார். நாங்கள் குடும்பமாக நூடுல்ஸில் கலந்து சாப்பிடுவோம். மிகவும் சுவை. ஐந்து வருடங்கள் அது இல்லை. எங்களுக்கு வருத்தம்." அவர் எழுந்து நின்று எனக்குக் குனிந்து வணக்கம் வைக்கிறார். நான் பதிலுக்குக் கும்பிடுகிறேன், கை அதுபாட்டுக்குக் கும்பிடுகிறது. வாருங்கள் என்று கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட படங்களில் ஒன்றில் இவரும் மா பாயும் தோளில் கை போட்டுக்கொண்டு. முன்னால் ஆவி பறக்கிற கிண்ணம், அதன்மேல் ஓடு அடுக்கின மாதிரி இறைச்சி. இவர் வாய் நிறைய மென்றுகொண்டே சிரிக்கிறார். நெற்றியில் திருநீறுகூட அழியவில்லை. இந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி, 2014 10 19. நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

2014 அக்டோபர் பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை. எந்தக் காலண்டரும் வேண்டாம், எனக்குத் தெரியும். தீபாவளிக்கு மூன்று நாள் முந்தி. அவர் ஊரில் இல்லையே என்று நான் தூத்துக்குடியில் அம்மாவோடு இருந்தேன். அம்மா அப்போதே பாதியாக இருந்தாள், உட்கார்ந்தால் எழ முடியாது. அப்படி இருந்தவள் அன்றைக்கு விடியக்காலையில் தானே நடந்து போய் விளைமீன் வாங்கிவந்து, தேங்காய் அரைத்து, புளி ஊற்றி, மண்சட்டியில் குழம்பு வைத்தாள். தட்டில் சோற்றைப் போட்டு, மீனை எடுத்து முள் பார்த்து, ஒரு உருண்டையை என் வாய்க்கு நேராக நீட்டினாள். "ஏட்டி, ஒரே ஒரு வாய். என் கையால. யாரு பாக்கப் போறா?" நான் வாயைத் திறக்கவில்லை. "வேண்டாம்மா, அவங்க வீட்டுப் பழக்கம்" என்றேன். இவரும் நானும் டைப்ரைட்டிங் கிளாசில் பழகிக் கட்டிக்கொண்டபோது மாமியார் போட்ட ஒரே நிபந்தனை அது, மீனை விட்டுவிட்டு வந்தால் மருமகள். விட்டேன். என் பாத்திரமெல்லாம் கடையிலிருந்து நேராக வந்தவை, ஒரு மீன் செதில் பட்டதில்லை, அதையும் புளி போட்டு மூன்று தடவை தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். அம்மாவின் கை அந்த உருண்டையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தட்டில் வைத்துவிட்டு, "சரி, நல்ல பிள்ளையா இரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் செத்துப்போனாள். மீன் வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் போன் பண்ணினார். "என்ன சாப்பிட்ட?" என்றார். ரசம் என்றேன். அம்மா மீன் ஊட்ட வந்ததையும் நான் வாய் திறக்காததையும் சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன், ஐயோ, பெருமையாகச் சொன்னேனே. "அதான் என் பாகம்" என்றார். "நானும் உன் புளிக்காய்ச்சலும் சோறும்தான்ளா, நாக்கு செத்துப்போச்சு" என்றார். நாக்கு செத்துப்போச்சு. இப்போது என் கையிலிருந்த நூடுல்ஸ் குச்சிகள் இரண்டும் தரையில் விழுந்துவிட்டன, பக்கத்து மேஜைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார்.

போன் போட்டேன். "ஒரு கடைல இருக்கேன். வாங்க." "எந்தக் கடைளா?" "வெள்ளைத் தொப்பி போட்டவரு கடை." டிவி சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. "வாரேன்" என்றார். வழி கேட்கவில்லை. ஓட்டலிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம், முட்டி வலி என்றால் பதினைந்து. முட்டி வலி இருக்கிறதா என்பதே இப்போது எனக்குத் தெரியவில்லை. என்ன கேட்பது? எத்தனை தடவை என்று கேட்கலாம். பதினொரு வருஷம், வருஷத்துக்கு இரண்டு, தடவைக்கு எட்டு நாள், நானே பெருக்கிப் பார்த்துவிட்டேன், அப்புறம் எதற்குக் கேட்க? மாட்டிறைச்சி தின்றதா எனக்கு வலிக்கிறது? அதுவும் தெரியவில்லை. தின்கட்டும், வாய் இருக்கிறவர் தின்னட்டும், மா பாய் இழுக்கிற இழுப்புக்கு யாருக்குத்தான் ஆசை வராது. ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, "சொதி வைளா, உன் கைச்சோறு இல்லாம செத்துட்டேன்" என்று உட்காருவார். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைப்பேன். மூன்று தட்டுச் சாப்பிடுவார். அதுவும் பொய்யா? மூன்று தட்டுப் பொய்யாகச் சாப்பிட முடியுமா? என் பயம் என்னவென்றால், அவர் வந்து ஏதாவது ஒரு காரணம் சொல்வார், டாக்டர் சொன்னார், வேறு ஒன்றும் கிடைக்கவில்லை, மரியாதைக்காக ஒரு வாய், இப்படி ஏதாவது, நான் தலையாட்டிவிடுவேன். எனக்குத் தலையாட்டித்தான் பழக்கம். தலையாட்டிவிட்டு ஊருக்குப் போய், அந்த ஆடுகிற சம்படத்தில் கடுகு எடுத்து, அந்த மனிதருக்கு மறுபடியும் புளிக்காய்ச்சல் கிண்டுவேன். இவரோடு அந்த அடுப்படிக்குள் எப்படித் திரும்பிப் போவது? போகாமல் எங்கே போவது? கைப்பைக்குள் பார்க்கிறேன், சின்னப் பாட்டிலில் புளிக்காய்ச்சல் இருக்கிறது. இந்தத் தடவையும் கொண்டுவந்திருக்கிறேன். அவர் நேற்று அதைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். வேறு வழியில்லாமல் சாப்பிட்டிருக்கிறார். சிரிப்பு வருகிறது, சத்தியமாகச் சிரிப்புதான் வருகிறது, கண்ணில் தண்ணீரும் வருகிறது, மா பாய் பதறிப்போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறார்.

வந்துவிட்டார். நொண்டவில்லை. வாசலிலேயே நிற்கிறார், நெற்றி நிறையத் திருநீறு. மா பாய் ஒரு கூச்சல் போட்டு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, முதுகில் தட்டி, இழுத்துவந்து எனக்கு எதிரில் உட்காரவைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் மாவைப் பலகையில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். இவர் சம்படத்தைப் பார்க்கிறார். சுவரில் படத்தைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கவில்லை. ஒன்று இரண்டு, இரண்டு நான்கு, நான்கு எட்டு. "சொல்லணும்னுதான் இருந்தேன்ளா" என்கிறார். "ரெண்டாந் தடவை வந்தப்ப காய்ச்சல். சூடா ஏதாவது குடிச்சாத் தேவலைன்னு இங்க வந்தேன். அப்புறம் விட முடியல." நல்லது, காரணம் வந்துவிட்டது, என் தலை ஆடுவதற்குத் தயாராகிறது, எனக்கே தெரிகிறது. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்கிறேன். அவ்வளவுதான் கேட்க வருகிறது. அவர் சம்படத்து மூடியைத் திருப்பி வைக்கிறார், எழுத்து கீழே போகிற மாதிரி. "சொன்னா, நீயும் மீன் ஆக்குவேன்னு சொல்லியிருப்ப." பொய் சொல்வார் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன், இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். "வீட்டுல அது வேண்டாம்னு நெனச்சேன்ளா. வீடு சுத்தமா இருக்கணும்லா? இது வெளியூரு. ஊருக்கு வந்து குளிச்சாப் போச்சு." குளித்தால் போயிற்று. முப்பத்தொரு வருஷம். அம்மாவின் கை சோற்று உருண்டையோடு அப்படியே நிற்கிறது. இவர் திரும்பி வந்து உட்காருவதற்கு ஒரு சுத்தமான இடம் வேண்டும், அந்த இடத்தை நான் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், மாமியார் போய் எட்டு வருஷம் ஆன பிறகும் தேய்த்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ வேண்டுமானால் சாப்பிடு என்று சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் சாப்பிட்டிருக்கக்கூட மாட்டேன். மா பாய் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைக்கிறார், பெரிய கிண்ணம், இரண்டு பங்கு. இவர் தொடாமல் இருக்கிறார். "சாப்பிடுங்க, ஆறிரும்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறேன்.

சம்படத்தை மா பாயிடம் நீட்டி, என்னைத் தொட்டுக் காட்டுகிறேன். அவருக்குப் போன் தேவைப்படவில்லை. எண்ணெயை வேறு ஒரு டப்பாவில் சாய்த்து, சம்படத்தை வெந்நீரில் இரண்டு தடவை கழுவி, துடைத்து, மூடியைத் தனியாகத் துடைத்து, இரண்டு கையாலும் தருகிறார். நான் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்து பாதியை அவருடைய ஒரு கிண்ணத்தில் கவிழ்க்கிறேன், அவர் அதை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். எதிரில் மீன் பொரிக்கிறவளிடம் போய்ச் சம்படத்தை நீட்டுகிறேன். ஆறு மீனைப் போட்டு, ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிடுகிறாள். உட்கார்ந்தேன். மீதிப் புளிக்காய்ச்சலை மீன்மேல் ஊற்றினேன். சூட்டில் நல்லெண்ணெயும் புளியும் மீனும் சேர்ந்து ஒரு வாசனை எழுந்தது. குச்சி வேண்டாம் என்று கையையே விட்டேன். முதல் மீனை எடுத்ததும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் அதுபாட்டுக்கு நடுமுதுகைக் கிள்ளி, இரண்டாகப் பிளந்து, முள்ளை முழுசாக ஒரே இழுப்பில் உருவி ஓரத்தில் வைத்துவிட்டன. நான் விக்கித்துப்போய் என் விரலையே பார்க்கிறேன். விரலுக்கு இது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாயில் வைத்தேன். அம்மா குழம்பு இல்லை, தேங்காய் இல்லை, மீனும் வேறு மீன். உப்பு சரியாக இருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன், வாணலிக்காரி காரம் அதிகம் என்று நினைத்துத் தண்ணீர் நீட்டினாள். பக்கத்தில் நிழல் விழுகிறது. இவர்தான். கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்கிறார். என் கையைப் பார்க்கிறார், சம்படத்தைப் பார்க்கிறார், சந்தில் அங்கும் இங்கும் பார்க்கிறார். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, இங்கே தமிழ் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள், மெதுவாகக் கேட்கிறார். "இங்க மட்டும்தானேளா?"

நான் அடுத்த மீனை எடுத்து முள்ளை உருவுகிறேன். "ஊர்லயும்தான்" என்கிறேன்.